தண்டத் துண்டு பிறந்த கதை

வவுனியாவிலிருந்து வடக்கே ஏ9 வீதியில் வாகனம் ஓடுகிறவர்களுக்கென்று ஒரு பாஷை இருக்கிறது. எதிரே வருகிற பஸ்காரர் பட்டப்பகலில் முன்விளக்கை இரண்டு தரம் அடித்துக் காட்டுவார். அவ்வளவுதான். ஹயஸ் வானின் முன் இருக்கையில் வெற்றிலை மெல்லும் ஆச்சிக்குக்கூட அதன் பொருள் விளங்கும். "தம்பி, மெல்லப் போ மேனை. உங்காலை நிக்கிறாங்கள் போல." அடுத்த வளைவு தாண்டினால் மர நிழலில் ஒரு மோட்டார் சைக்கிள். பக்கத்தில் இரண்டு காக்கிச் சட்டை. ஒருவர் கையில் துவக்கு மாதிரி ஒரு கருவி.

வகைவகையான துவக்குகளைப் பார்த்த வன்னிச் சனம் இதையும் பகிடியாகத் துவக்கு என்றுதான் சொல்லும். இது சுட்டால் இரத்தம் வராது, துண்டு வரும். சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பெயர், வாகன இலக்கம், இடம், நேரம், குற்றம் எல்லாம் எழுதி, கிழித்துத் தரும் அந்தக் கடதாசிதான் தண்டத் துண்டு. பதினான்கு நாளைக்கு அதுதான் தற்காலிக லைசென்ஸும். மடித்துச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைக்கும்போது நூறில் தொண்ணூற்றொன்பது பேர் நினைப்பது ஒன்றே: தபால் கந்தோருக்கு எப்போது போகலாம்?

அந்தத் துண்டுக்கு இரண்டு வாசல் உண்டு. ஒன்று தபால் கந்தோர். மற்றது நீதிமன்றம். இரண்டாவது வாசலை நம் ஊரில் திறந்து பார்த்தவர்கள் அரிது. ஆனால் துண்டு பிறந்த கதையைத் தேடிப் போனால் முதலில் இருந்தது அந்த இரண்டாவது வாசல் மட்டும்தான்.

ஒரு ஷில்லிங்

1896ஆம் ஆண்டு ஜனவரி 28. இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் பாடொக் வூட் என்ற ஊர். வோல்டர் ஆர்னல்ட் என்பவர் குதிரையில்லா வண்டி ஒன்றில் ஊர்த்தெருவால் போனார். ஜேர்மனியின் பென்ஸ் வண்டிகளை இங்கிலாந்தில் விற்றவர் அவர். அக்காலச் சட்டப்படி ஊருக்குள் இயந்திர வண்டியின் வேகம் மணிக்கு 2 மைல்தான், ஏறக்குறைய 3 கிலோமீற்றர். ஆள் நடக்கிற வேகத்தைவிடக் குறைவு. வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்துபோய் எதிரே வருகிறவர்களை எச்சரிக்கவும் வேண்டும். 1865இல் சட்டம் வந்தபோது அந்த ஆளின் கையில் சிவப்புக் கொடியும் இருந்தது. ஆர்னல்ட் போனது மணிக்கு 8 மைல் வேகத்தில். சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் இருந்த பொலிஸ்காரர் சன்னலால் அதைக் கண்டு, சைக்கிளில் ஏறி, 5 மைல் தூரம் துரத்திப் பிடித்தார்.

8 மைல் என்றால் 13 கிலோமீற்றர். சந்தைக்குப் போகிற சைக்கிள்காரருக்கு அது வேகமே இல்லை. உலகின் முதல் வேகத் தண்டம் என்று பெயர்பெற்ற வழக்கில் குற்றவாளி சைக்கிளிடம் தோற்றுத்தான் பிடிபட்டார்.

ஆர்னல்ட் மேல் நான்கு குற்றங்கள் சாட்டப்பட்டன. வேகத்துக்கு ஒரு ஷில்லிங் தண்டம், மேலே வழக்குச் செலவு. அதே ஆண்டு பாராளுமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டது பாரமான நீராவி இழுவை இயந்திரங்களை நினைத்து. இலகுவான மோட்டார் வண்டிக்கு அது பொருந்தாது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எல்லை 14 மைலாக ஏறியது. நவம்பர் 14 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது லண்டனிலிருந்து பிரைற்றனுக்கு மோட்டார்காரர்கள் ஊர்வலம் போய்க் கொண்டாடினார்கள். அந்த ஓட்டத்தின் நினைவாகப் பழைய கார்கள் இன்றும் ஆண்டுதோறும் அதே வழியால் ஓடுகின்றன.

பிறந்த வீட்டிலேயே இரண்டு விஷயம் தெளிவாகிவிட்டது. வேக எல்லை என்பது வானத்திலிருந்து வந்த எண் அல்ல. ஒரு காலத்துச் சட்டசபை போட்ட கோடு. அந்தக் கோட்டைத் தாண்டினாயா இல்லையா என்று சொல்லவேண்டியது நீதிமன்றம்; பிடித்த பொலிஸ்காரர் சாட்சி மட்டும்.

வேலிக்குப் பின்னால் நின்றவர்கள்

1903இல் எல்லை 20 மைலானது. வாகனங்களுக்கு இலக்கத்தகடு வந்ததும் அந்தச் சட்டத்தோடுதான். கார்கள் சைக்கிளுக்கு எட்டாத தூரம் போய்விட்டன. பொலிஸார் புது வழி கண்டார்கள். அளந்து குறித்த ஒரு துண்டு வீதி. இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர், இருவரும் பற்றைக்குள். கையில் நிறுத்து கடிகாரம். இந்த முனையைக் கார் கடக்கும்போது கைச்சைகை, அந்த முனையைக் கடக்கும்போது கடிகாரத்தை நிறுத்துவது. தூரத்தை நேரத்தால் பிரித்தால் வேகம்.

கணக்கு எளிது. பிழையும் எளிது. 200 மீற்றர் தூரத்தை 32 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க இருபத்திரண்டரை வினாடி பிடிக்கும். கடிகாரத்தை ஒரே ஒரு வினாடி முந்தி அமத்தினால் வேகம் முப்பத்துமூன்றரையாகிவிடும். சட்டத்துக்குள் போனவர் குற்றவாளி. பெருவிரல் ஒன்றின் அவசரத்தில் ஒருவர் தண்டம் கட்டவேண்டி வரும். ஆகவே வழக்குகளில் வேகத்தைவிடக் கடிகாரத்தைப் பற்றியும் கண்ணைப் பற்றியுமே வாதம் நடந்தது.

நீதிமன்றத்துக்கு வெளியே மோட்டார்காரர்கள் வேறு வழியும் பார்த்தார்கள். 1905இல் லண்டனில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் பிறந்தது. பொலிஸ் பொறி எங்கே இருக்கிறது என்று உறுப்பினர்களுக்கு முன்கூட்டிச் சொல்வதுதான் அதன் முதல் வேலை. சைக்கிளில் சுற்றிய சங்கத்து ஆட்கள் கார்காரரை மறித்து, "முன்னால் நிற்கிறார்கள்" என்பார்கள். 1910இல் அறிக்கையான பெற்ஸ் எதிர் ஸ்ரீவன்ஸ் வழக்கில், இது பொலிஸாரின் கடமைக்கு இடையூறு என்று தீர்ப்பு வந்தது. சங்கம் சளைக்கவில்லை. தன் ஆட்கள் உறுப்பினரைக் கண்டால் சல்யூட் அடிப்பது வழக்கம். சல்யூட் அடிக்காவிட்டால் நிறுத்தி ஏன் என்று கேளுங்கள் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லிவைத்தது. சும்மா நிற்பவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

கனகராயன்குளத்தில் முன்விளக்கு அடிக்கிற பஸ்காரருக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது. தொழில் ஒன்றுதான். அவர் விளக்கை அடிக்கிறார்; அவர்கள் கையை உயர்த்தாமல் விட்டார்கள்.

ரயில் ஊதலுக்குள் ஒரு கணக்கு

துவக்கு வடிவக் கருவியின் பூர்வீகம் வேறு. கிளிநொச்சியில் தண்டவாளத்துக்கு அருகே குடியிருப்பவர்களுக்கு அது காதுக்குப் பழக்கமான விஷயம். யாழ்தேவி ஊதிக்கொண்டு நெருங்கும்போது ஊதல் கீச்சென்று உயர்ந்து கேட்கும். கடந்து போனதும் தொனி இறங்கிவிடும். ஓடுகிற பொருளின் வேகம் அதன் அலையைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது என்பதை 1842இல் கணக்காக எழுதியவர் ஒஸ்ரிய நாட்டவரான கிறிஸ்தியான் டொப்ளர். 1845இல் நெதர்லாந்தில் பைஸ் பாலோ என்ற அறிஞர் ரயிலில் எக்காளக்காரர்களை ஏற்றி, தண்டவாளத்து ஓரத்தில் இசை தெரிந்தவர்களை நிற்க வைத்து அதைச் சோதித்துப் பார்த்தார். கணக்கு சரி.

நூறு வருஷம் கழித்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், அமெரிக்காவின் கனெக்ரிகற் மாநிலத்தில் ஜோன் பார்க்கர், பென் மிட்லொக் என்ற இருவர் அதே கணக்கை றேடார் அலைக்குப் பொருத்தினார்கள். இறங்குகிற விமானத்தின் வேகத்தை அளக்கவே அது முதலில் உருவானது. போர் முடிந்ததும் வீதிக்கு வந்தது. 1947இல் கிளாஸ்ரன்பரி என்ற ஊரில் கார்களின் வேகத்தை அதனால் பார்த்தார்கள். 1949இல் கனெக்ரிகற் பொலிஸார் றேடாரை வைத்துத் தண்டம் எழுதத் தொடங்கினார்கள்.

கருவிக்குள் நடப்பது இது. ஒரு றேடார் அலை புறப்பட்டு வாகனத்தில் பட்டுத் திரும்புகிறது. வாகனம் நம்மை நோக்கி வந்தால் திரும்பும் அலையின் அதிர்வு கூடியிருக்கும். 24.15 கிகாஹேர்ட்ஸ் அலையில் வேலை செய்யும் கருவிக்கு 70 கிலோமீற்றர் வேகம் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 3,130 அதிர்வு வித்தியாசம். காதால் கேட்கக்கூடிய ஒரு தொனி அது. அதனால்தான் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் இசைக்கவைக் கம்பியைத் தட்டி அதன் முன்னால் பிடிப்பார்கள். 70க்கென்று செய்த கம்பிக்குக் கருவி 70 என்று காட்டினால் நம்பலாம். 73 என்று காட்டினால் அன்றைய துண்டு எல்லாமே சந்தேகம்.

இன்னொரு குறையும் உண்டு. றேடார் அலை போகப் போக விரியும். 12 பாகை அகல அலை 300 மீற்றர் தூரத்தில் அறுபது மீற்றருக்கு மேல் பரந்துவிடும். அந்த அகலத்துக்குள் ஒரு லொறியும் இரண்டு மோட்டார் சைக்கிளும் ஒன்றாக வந்தால், திரையில் விழுந்த எண் யாருடையது என்று கருவி சொல்லாது; பிடித்திருப்பவர்தான் சொல்லவேண்டும். பிறகு வந்த லேசர்க் கருவி இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. 300 மீற்றரில் அதன் கற்றை ஏறக்குறைய ஒரு மீற்றர்தான், இன்ன வாகனம் என்று குறிபார்த்துப் பிடிக்கலாம்.

சாரதிக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கருவியை வீதி ஓரத்தில் சாய்வாக வைத்தால் அது உண்மையைவிடக் குறைத்தே காட்டும். 20 பாகை சாய்வில் 70இல் போகிற வாகனம் 66 என்று விழும். "சரிவிலை நிண்டு பிடிச்சவன், அதாலை கூட்டிக் காட்டிப்போட்டுது" என்று தேத்தண்ணிக் கடையில் சொல்கிற வாதம் எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது.

ஓடிய பனைமரம்

கருவி வந்த கையோடு அதை நம்பலாமா என்ற கேள்வியும் நீதிமன்றம் ஏறியது. தொடக்கத்தில் ஒவ்வொரு வழக்கிலும் றேடார் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க ஒரு விஞ்ஞானியைக் கூண்டில் ஏற்ற வேண்டியிருந்தது. 1955இல் நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றம் டன்ரோனியோ வழக்கில் ஒரு முடிச்சை அவிழ்த்தது. றேடாரின் விஞ்ஞானம் நிறுவப்பட்ட ஒன்று, அதற்கு இனிச் சாட்சி தேவையில்லை. ஆனால் இந்தக் கருவி சோதிக்கப்பட்டிருந்ததா, இதைக் கையாண்டவருக்குப் பழக்கம் உண்டா என்பதை அரச தரப்பு காட்டியாக வேண்டும்.

1979இல் புளோரிடாவில் மியாமி நகர் அடங்கிய டேட் மாவட்ட நீதிமன்றத்தில் நடந்ததுதான் உலகம் சிரித்த கதை. அங்கே ஒரு தொலைக்காட்சி நிலையம் பொலிஸ் றேடாரைச் சோதித்துக் காட்டியிருந்தது. ஒரு வீடு மணிக்கு 28 மைல் வேகத்தில் போனது. ஒரு பனைமரம் 86 மைலில், அதாவது 138 கிலோமீற்றரில் பறந்தது. நம் ஊர்ப் பனையின் தூரத்துச் சொந்தம்தான் அது, நின்ற இடத்தில் நின்றபடி ஓடியிருக்கிறது. அக்விலேரா வழக்கில் நீதிபதி அல்பிரெட் நெஸ்பிற் நிபுணர் சாட்சிகளை விரிவாகக் கேட்டு, தன் முன்னால் இருந்த றேடார்ச் சாட்சியத்தை ஏற்க மறுத்தார். அதன் பிறகு அமெரிக்காவில் கருவிகளுக்குத் தரக்கட்டுப்பாடும் பொலிஸாருக்குப் பயிற்சியும் இறுகின.

பிரித்தானியச் சட்டமும் இந்தியச் சட்டமும் இந்தச் சந்தேகத்தைச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்தன. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆவது பிரிவு, "என் கணிப்பில் இவன் வேகமாகப் போனான்" என்று ஒரேயொரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து எவரையும் தண்டிக்க முடியாது, அந்தக் கணிப்புக்கு ஒரு கருவியின் ஆதாரம் வேண்டும் என்கிறது. ஆள் சொன்னால் கருவி வேண்டும். கருவி சொன்னால் அதைச் சோதித்த ஆள் வேண்டும். ஆர்னல்டிலிருந்து நூற்றாண்டு கடந்து வந்து சேர்ந்த இடம் இதுதான்.

வழக்கு துண்டாகச் சுருங்கியது

கார்கள் பெருகப் பெருக நீதிமன்றங்கள் திணறின. ஒவ்வொரு சின்னப் பிழைக்கும் நீதவான் ஒருவர் உட்கார்ந்து விசாரிப்பதென்றால் கொலை வழக்கை எப்போது கேட்பது? 1960இல் பிரித்தானியா ஒரு குறுக்குப் பாதை திறந்தது. குறிப்பிட்ட சில வீதிக் குற்றங்களுக்கு நிலையான தண்டம். கட்டினால் விஷயம் முடிந்தது, கட்டாவிட்டால் வழக்கு. துண்டின் இன்றைய உருவம் அங்கே பிறந்தது. பிழையை ஒத்துக்கொள்கிறவருக்கு ஒரு வசதி, அவ்வளவே. ஒத்துக்கொள்ளாதவருக்குப் பழைய வாசல் திறந்தே இருந்தது.

இலங்கையில் இதற்குத் தாய்ச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அதன் 140ஆவது பிரிவு வேகத்தைப் பற்றியது. 215அ பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தர் அந்த இடத்திலேயே தண்டம் எழுத இடம் கொடுக்கிறது. இன்றைக்குக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஊர்மனை நெருங்கிய இடத்தில் 50 கிலோமீற்றர், வெளியே 70. ஓட்டோவுக்கு எங்கேயும் 40. துண்டு கிடைத்து 14 நாளுக்குள் தபால் கந்தோரில் கட்டி, பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையம் போனால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். 14 நாள் தவறினால் இரட்டிப்பு. 28 நாளும் தாண்டினால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு. 2025 ஏப்ரலில் தொடங்கஸ்லந்தவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடைப்பட்ட வீதியில் முன்னோட்டமாக, வீதியோரத்திலேயே கைத்தொலைபேசியால் கட்டுகிற கவ்பே முறையும் வந்தது. தபால் கந்தோர் வரிசை குறைகிறது. கட்டும் வாசல் இன்னும் அகலமாகிறது.

ஒரே வீதி, இரண்டு சட்டம்

வன்னியில் துண்டின் கதை மற்ற ஊர்களைப் போல நேர்க்கோட்டில் வரவில்லை. 1990களின் பெரும்பகுதி இங்கே ஏ9 வீதி போர்க்களம். 1997 மேயில் அரச படை இந்த வீதியைத் திறக்கத்தான் ஜெயசிக்குறு நடவடிக்கையைத் தொடங்கியது; ஒன்றரை வருஷத்துக்கு மேல் முட்டிமோதியும் முடியவில்லை. வாகனங்களுக்கு எரிபொருளும் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களுக்கு வேக எல்லை எதற்கு?

இந்தக் காலத்தில்தான், 1991இல், விடுதலைப் புலிகள் தமிழீழக் காவல்துறையை அமைத்தார்கள். அதன் பொறுப்பாளராக இருந்த பா. நடேசன் முன்னர் இலங்கைப் பொலிஸில் வேலை பார்த்தவர். தொடர்ந்து சட்டக் கல்லூரி, நீதிமன்றங்கள், தனிச் சட்டக் கோவை. 2002 பெப்ரவரி 22இல் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி ஏ9 திறந்தபோது தெற்கிலிருந்து வந்த பயணிகளும் செய்தியாளர்களும் வியந்து எழுதிய காட்சிகளில் இதுவும் ஒன்று: ஓமந்தையில் இராணுவச் சாவடி தாண்டி, புளியங்குளத்தில் புலிகளின் சாவடி தாண்டினால், இளநீலச் சட்டையும் கருநீலக் காற்சட்டையும் போட்ட போக்குவரத்துக் காவலர்கள் வேகம் பார்த்துத் தண்டம் எழுதுகிறார்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் இரு ஓரமும் நிற்க, குண்டும் குழியுமான நடுவழியில் வேக எல்லை.

ஒரே வீதி. ஓமந்தைக்குத் தெற்கே ஒரு சட்டம், புளியங்குளத்துக்கு வடக்கே இன்னொன்று, முகமாலை தாண்டினால் மறுபடி முதற்சட்டம். ஒரு பக்கத்துத் துண்டு மறுபக்கத்தில் வெறும் கடதாசி. சாரதிகள் இரண்டுக்கும் பழகிக்கொண்டார்கள். ஒரு விஷயத்தில் வடக்கேயிருந்த துண்டு வசதியானது: அது தமிழில் இருந்தது, வாசிக்கலாம்.

2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடியது. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி விழுந்தது. மே மாதத்தோடு போர் முடிந்தது. அந்தக் காவல்துறையும் அந்த நீதிமன்றங்களும் போய், வவுனியாவில் இருந்தது போலவே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நாட்டின் நீதவான் நீதிமன்றங்கள் இயங்கத் தொடங்கின. சீன எக்சிம் வங்கிக் கடனில் ஏ9 காபெற் வீதியானது. ஒரு காலத்தில் பதினைந்து கிலோமீற்றரில் குலுங்கிப் போன இடத்தில் இப்போது நூறு தொட்டாலும் தெரியாது. மாடுகள் பழையபடி மாலையில் வீதியில் படுக்கின்றன. வேக எல்லைக்கு இங்கே காரணம் இருக்கிறது என்பதை மறுக்க ஒருவராலும் முடியாது. வளைவுகளில் மாலை போட்ட படங்கள் அதற்குச் சாட்சி.

சுற்றவாளி

தெரிந்த ஒருவர் பட்டா வாகனத்தில் நெல் ஏற்றுகிறவர். அறுவடைக் காலத்தில் ஒரு நாள் மறித்தார்கள். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "முப்பது மூட்டை நெல்லோடை என்ரை பட்டா அந்த ஓட்டம் ஓடுமே? எனக்குப் பக்கத்தாலை ஒரு வான்காரன் விசுக்கெண்டு போனவன். அவன்ரை வேகத்தை எனக்கு எழுதிப்போட்டினம்." துண்டு சிங்களத்தில் நிரப்பப்பட்டிருந்தது. எண்களைத் தவிர அவருக்கு எதுவும் விளங்கவில்லை. "என்ன செய்தனீங்கள் அண்ணை?" என்று கேட்டேன். "என்ன செய்யிறது? அடுத்தநாள் விடியவே தபால் கந்தோருக்குப் போய்க் கட்டினன். லைசென்ஸ் இல்லாட்டி அறுவடை ஆருக்கு நிக்கும்?"

அவர் சொன்னது உண்மையா, வான்காரன் கதை அந்த நேரத்தில் பிறந்ததா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய இடம் நீதிமன்றம். அவர் அங்கே போகவில்லை.

போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? தண்டம் கட்டாமல் விட, பொலிஸார் நீதவான் முன்னிலையில் வழக்குத் தாக்கல் செய்வார்கள். தவணை நாளில் காலை ஒன்பதுக்கே வளவுக்குள் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினால் குற்றப் பத்திரத்தை வாசித்துக் காட்டி ஒரு கேள்வி கேட்பார்கள்: குற்றவாளியா, சுற்றவாளியா?

சுற்றவாளி. இலங்கை நீதிமன்றத் தமிழுக்கே உரிய சொல். சுற்றம் என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. சுத்தவாளி, குற்றத்தின் கறை படாதவன் என்பதுதான் பேச்சில் இப்படித் திரிந்து எதுகையாக நின்றுவிட்டது என்பார்கள். அந்த ஒரு சொல்லைச் சொன்ன கணத்திலிருந்து பாரம் இடம் மாறுகிறது. அரசியலமைப்பின் 13(5) உறுப்புரைப்படி குற்றம் நிரூபிக்கப்படும்வரை அவர் நிரபராதி. வழக்கு விளக்கத்துக்குப் போகும். துண்டு எழுதியவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். சட்டத்தரணியோ, அவர் இல்லாவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவரோ குறுக்குக் கேள்வி கேட்கலாம். எங்கே நின்றீர்கள்? எவ்வளவு தூரத்தில் கருவியைப் பிடித்தீர்கள்? அன்று காலை கருவியைச் சோதித்தீர்களா? அந்த நேரம் வீதியில் வேறு வாகனம் இருந்ததா? அந்த எண் இந்தப் பட்டாவினுடையது என்று எப்படி நிச்சயம்? நியூ ஜேர்சியிலும் மியாமியிலும் கேட்ட கேள்விகள்தான். நியாயமான சந்தேகம் மிஞ்சினால் விடுதலை. மிஞ்சாவிட்டால் தண்டம், துண்டில் இருந்ததைவிடக் கூடவும் இருக்கலாம்.

மொழிக்கும் சட்டம் இடம் வைத்திருக்கிறது. 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ், நீதிமன்ற மொழியும் தமிழ். வீதியில் சிங்களத்தில் நிரப்பிய துண்டு நீதிமன்றத்துக்கு வந்தால் குற்றச்சாட்டு தமிழில்தான் வாசிக்கப்படும். சட்டத்தின் பேச்சை அந்த மனிதர் தன் மொழியில் முதன்முதலாகக் கேட்கிற இடம் கூண்டாக இருக்கிறது என்பதுதான் வெட்கக்கேடு.

இவ்வளவு உரிமையும் இருந்தும் பட்டாக்காரர் ஏன் தபால் கந்தோருக்குப் போனார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். மூன்று தவணை என்றால் மூன்று நாள் ஓட்டம் இல்லை. சட்டத்தரணிக்குக் கொடுப்பது தண்டத்தைவிடக் கூட. அதுவரை லைசென்ஸ் அவர்கள் கையில். அதற்கு மேலே, நாளைக்கும் அதே வீதியால்தான் போக வேண்டும், அதே மர நிழலில் அதே ஆட்கள் நிற்பார்கள். பொலிஸ் நிலைய வாசலை மிதிக்கப் பயந்த முப்பது வருஷப் பழக்கம் ஒரு சட்டப் பிரிவால் போய்விடாது. தமிழில் தண்டம் என்றால் அபராதம். வீண் என்றும் பொருள். வழக்காடப் போனால் இரண்டாவது தண்டமும் சேரும் என்று அவர் கணக்குப் பார்த்தார். பிழையான கணக்கென்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்வேன். ஒருவரும் கேள்வி கேட்காத ஊரில் கருவியைக் காலையில் சோதித்துப் பார்க்க ஒருவருக்கும் அவசியம் வராது. ஆயிரம் பேரில் பத்துப் பேர் கூண்டில் ஏறிச் சுற்றவாளி என்று சொன்னால் மற்ற 990 பேரின் துண்டும் கவனமாக எழுதப்படும். ஓடிய பனைமரம் அமெரிக்காவில் செய்தது அதைத்தான்.

வேகமாகப் போயிருந்தால் கட்டுங்கள். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்க எல்லா வாகனமும் தானாக வேகம் குறைக்கிறது. மனம் வைத்தால் மற்ற இடத்திலும் குறைக்கலாம். போகவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால், துண்டை மடிக்க முன் வாசியுங்கள். இடம், நேரம், வாகன இலக்கம், எழுதிய வேகம் நான்கையும் பாருங்கள். விளங்காத மொழியில் இருந்தால் அந்த இடத்திலேயே கேளுங்கள். அந்த நேரம் முன்னாலும் பின்னாலும் என்ன வாகனம் போனது என்று கைத்தொலைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்க உங்களுக்கு 14 நாள் இருக்கிறது.